தட்டின் இடது பாதி

போன மாதம் நானே நோயாளியாக ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "வெளிச்சப் புள்ளி தெரியறப்பல்லாம் அமுக்குங்க சார்" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. பத்து நிமிடத்தில் என் கண்கள் எந்த மூலை வரை பார்க்கின்றன, எந்த மூலையில் பார்க்கவில்லை என்று படம் போட்டு ஒரு தாள் வந்துவிட்டது. நானும் இதே தொழிலில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"இந்த மெஷின் இல்லாத காலத்துல ஃபீல்ட் எப்படி சார் பார்ப்பீங்க?" என்று கேட்டாள்.

"விரலாலதாம்மா" என்றேன்.

அவர்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஒருநாள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். தலையாட்டிவிட்டு வந்தேன். போகவில்லை. விரலால் பார்த்தோம் என்பது உண்மை. எல்லாருக்கும் பார்த்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நேரில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் நான் கண் மருத்துவ உதவியாளர் ஆனேன். இரண்டு வருடப் பயிற்சி. மாட்டுக் கண்ணை அறுத்துப் பார்த்தது, ஹாஸ்டல் சாம்பாரில் பல்லி கிடந்தது, இந்த இரண்டும்தான் அதில் இப்போது நினைவிருக்கின்றன. வேலை கிடைத்தது உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது, கட்டடத்துடையது அல்ல. கண் டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் கண் பிரிவு என்றால் நான்தான். ஒரு டார்ச், ஒரு லென்ஸ் பெட்டி, கண் அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, சுவரில் ஒரு அட்டை.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டை அது. ஆங்கில 'ஈ' எழுத்து மாதிரி மூன்று கால் உள்ள ஒரு குறி, வரிசை வரிசையாக, கீழே போகப் போகச் சிறியதாகிக்கொண்டே வரும். கால்கள் சிலவற்றில் மேலே பார்த்திருக்கும், சிலவற்றில் கீழே, சிலவற்றில் பக்கவாட்டில். இருபது அடி தூரம் வேண்டும். என் அறையில் அவ்வளவு நீளம் இல்லை. அதனால் அட்டை தாழ்வாரத்துச் சுவரில் தொங்கும், நாற்காலி அறைக்குள் இருக்கும், நான் மூங்கில் குச்சியோடு தாழ்வாரத்தில் நிற்பேன். குச்சியால் ஒவ்வொரு குறியாகத் தொட, உட்கார்ந்திருப்பவர் மூன்று விரலை நீட்டி அந்தப் பக்கமாகக் காட்ட வேண்டும். நடுவில் ஆள் போகும், ஆடும் போகும்.

ஃபீல்ட் என்பது வேறு. நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது. எதிரெதிரே முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டு, நம் விரலை இந்த ஓரத்தில் ஆட்ட வேண்டும், அந்த ஓரத்தில் ஆட்ட வேண்டும், பிறகு இரண்டு ஓரத்திலும் ஒரே நேரத்தில் ஆட்ட வேண்டும். எந்த விரல் ஆடியது என்று அவர் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு ஆளுக்கு நாலு நிமிடம். வெளியே எழுபது பேர் நிற்பார்கள். அதில் அறுபத்தொன்பது பேருக்கு ஃபீல்ட் சரியாகத்தான் இருக்கும். ஆகவே நான் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருந்தேன். காலையில் வந்ததும் ஐம்பது, அறுபது ஓ.பி. சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, இன்னும் முகமே பார்க்காத ஆட்களுக்கு 'ஃபீல்ட் நார்மல்' என்று வரிசையாக எழுதி அடுக்கிவிடுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குக் கர்வம் உண்டு.

டாக்டர் பரசுராமனுக்கு இது தெரியாது. குள்ளமான மனிதர், எப்போதும் முழுக்கைச் சட்டை, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், "தேவராஜ்" என்று கூப்பிடுகிறவர் "தேவராஜ் சார்" என்பார். அந்த 'சார்' விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நோயாளி உள்ளே வரும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்த ஆள் வாசலைத் தாண்டி நடந்து வந்து உட்காரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். சீட்டைக் கடைசியில்தான் கையில் வாங்குவார். கூட்டம் நிற்கிறதே, இந்த மனுஷன் வேடிக்கை பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

இனி ஏகாம்பரத்தின் கதை. உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நாலைந்து ஏக்கர் நெல் வைத்திருந்தவர், அறுபது வயது, மனைவி இல்லை. மகன் முருகேசன் நெல் மண்டியில் வேலை. மருமகள் சரோஜா. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஏகாம்பரத்தின் தங்கை கனகம்மா அதே தெருவில் வாக்கப்பட்டவள். ஒரு தை மாத அறுவடையில் களத்து மேட்டில் ஏகாம்பரம் மயங்கி விழுந்திருக்கிறார். இடது கை பத்து நாள் சரியாக வரவில்லை. எண்ணெய் போட்டு உருவினார்கள், கை வந்துவிட்டது, நடை வந்துவிட்டது, பேச்சு எப்போதும் போல. வெயிலில் விழுந்தது என்று எல்லாரும் மறந்துவிட்டார்கள். அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை நாலு பேருமாக என் அறைக்கு வந்தார்கள். வரும்போதே சண்டை.

ஏகாம்பரத்தின் வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. பஸ்ஸில் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சட்டையின் இடது கை போடப்படாமல் முதுகில் தொங்கியது. கிராமத்து ஆள்தானே என்று அதையும் விட்டுவிட்டேன்.

அழைத்து வந்தது சரோஜாதான். ஒல்லியான பெண், தலை நிமிராமல் பேசினாள்.

"சார், மாமாவுக்குக் கண்ணப் பாருங்க சார். பீச்சாங்கைப் பக்கமா இன்னா வெச்சாலும் பாக்கறதே இல்ல. தட்டுல பாதி சோறு அப்படியே கீது, தீந்து போச்சுன்னு எழுந்துடறாரு. பொரியல் வெச்சது வெச்சபடி கீது. வெக்கவே இல்லன்னு தெருவுல போயி சொல்றாரு."

அவள் முடிப்பதற்குள் கனகம்மா பாய்ந்தாள். "பாத்தியா சார், எப்படிப் பேசறா பாரு! எங்கண்ணன் எளச்சி துரும்பாப் பூட்டாரு. என் வூட்டுக்கு வந்தாருன்னா ரெண்டு ஆளு சோறு சாப்படறாரு. நான் பெசஞ்சி உருட்டி உருட்டிக் கையில வெக்கிறேன், ஒரு பருக்கை மிச்சம் வெக்கிறதில்ல. அவ வூட்டுல மட்டும் தட்டுல மிச்சம் ஆவுதா? இத்தையும் பாரு." அண்ணனின் தொங்கிய சட்டையை விலக்கி இடது தோளைக் காட்டினாள். தோளிலும் முழங்கையிலும் கன்றிப்போன நீலம். "அடிக்கிறா சார், வயசானவர."

"சத்தியமா இல்ல சார். நெலப்படியில இடிச்சிக்கிறாரு" என்றாள் சரோஜா.

"அறுவது வருசமா அந்த நெலப்படியிலதான் நொழையறாரு. இப்பதான் இடிக்குதா?"

நான் ஏகாம்பரத்தைக் கேட்டேன். தெளிவாக, நிதானமாகப் பேசினார். "அந்தப் பொண்ணு சோறு போடுது, இல்லன்னு சொல்லல. அரை வயித்துக்குப் போடுது. கறி காயின்னு ஒண்ணு கண்ணுல காட்டறதில்ல. கிட்ட வந்துகூட நிக்கிறதில்ல." குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதைக் கேட்ட யாரும் அவரை நம்பாமல் இருக்க முடியாது.

நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, தாழ்வாரத்துக்குப் போனேன். குச்சியால் வரிசையின் முதல் குறியைத் தொட்டேன். பதில் இல்லை. இரண்டாவதைத் தொட்டேன். பதில் இல்லை. மூன்றாவதிலிருந்து டக் டக்கென்று விரலைக் காட்டினார், ஒன்று தப்பவில்லை. அடுத்த வரிசையிலும் முதல் இரண்டுக்குப் பதில் இல்லை, பிறகு எல்லாம் சரி. ஒவ்வொரு வரிசையிலும் இப்படியே நடந்தது. ஒரே பக்கத்தில் எல்லா வரிசையிலும் பதில் இல்லாமல் போனால் அது என்ன என்று யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம். படிக்காதவர்கள் ஆரம்பத்தில் தயங்குவார்கள் என்று என் மூளை ஒரு காரணம் சொன்னது, நான் வாங்கிக்கொண்டேன். கீழ் வரிசைக்கு முந்தின வரிசை வரை தெரிந்தது. அடுக்கிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன். 'ஃபீல்ட் நார்மல்' ஏற்கெனவே இருந்தது. மேலே பார்வை அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முருகேசன் சீட்டை வாங்கிக்கொண்டு, "சார், ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. எங்க நைனாவுக்குக் கண்ணு தெரியுதா, தெரியலியா?" என்று கேட்டான்.

அவன் எதற்காகக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பேச்சில் கெட்டிக்காரன் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது.

"உன்னையும் என்னையும் விட நல்லாவே தெரியுது. கோளாறு கண்ணுல இல்லப்பா, சமையக்கட்டுல போய்ப் பாரு" என்றேன்.

வரிசை சிரித்தது. கனகம்மா கையைத் தட்டினாள். சரோஜா முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கேட்க வந்த ஒரே உதவியை நான் சிரிப்பாக்கிவிட்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து முருகேசன் கண்வலியோடு வந்தான். மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன், வீட்டில் எப்படி என்று. என்னிடம் வந்துபோன அந்த வார ஞாயிற்றுக்கிழமையே மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்களாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் என் சீட்டைப் படித்து அர்த்தம் சொன்னாராம். நான் சொன்ன வாக்கியத்தையும் கனகம்மா அப்படியே சொன்னாளாம். சரோஜாவைத் திருப்புட்குழியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை அனுப்பவில்லை. பெரிய ஆளையே பட்டினி போட்டவளிடம் பச்சைக் குழந்தையை எப்படி விடுவது என்று கனகம்மா கேட்டாளாம்.

"நீங்க நல்லதா ஒரு வார்த்த சொன்னீங்க சார், இல்லன்னா பேஜார்தான்" என்றான் முருகேசன். முகம் செத்துப்போயிருந்தது. என் மனதில் அப்போது என்ன இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு குடும்பத் தகராறைத் தீர்த்துவைத்தேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இன்னும் பத்து மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை கனகம்மா அண்ணனைத் தனியாக அழைத்துக்கொண்டு வந்தாள். பழைய வேகம் அவளிடம் இல்லை. அண்ணன் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறார். முதலில் உருட்டிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடவு வந்தது, நேரம் இல்லை, எல்லாரையும் போல அவருக்கும் தட்டில் போட்டு வைத்துவிட்டு வயலுக்குப் போக ஆரம்பித்தாள்.

"இப்ப என் மேலயே சொல்றாரு சார்" என்றாள் என்னிடம், மெதுவாக, வரிசைக்குக் கேட்காமல். "தங்கச்சி பட்டினி போடறான்னு அவ வூடு இவ வூடுன்னு சொல்லிக்கினு வராரு. நானா சார் போடமாட்டேன்?"

டாக்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஏகாம்பரம் நடந்து வந்தார். ஒரு காலில் செருப்பு. இடது தோள் கதவு நிலையில் 'தொம்' என்று மோதியது. நின்று, எது மோதியது என்று வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். முட்டிக்கு முட்டி. "என் மூக்கைப் பாருங்க ஐயா." ஏகாம்பரத்தின் வலது ஓரத்தில் விரலை ஆட்டினார். "ஆடுது" என்றார் ஏகாம்பரம். இடது ஓரத்தில் ஆட்டினார். கொஞ்சம் தாமதித்து, "ஆடுது" என்றார். இரண்டையும் ஒன்றாக ஆட்டினார். ஏகாம்பரம் வலது விரலை மட்டும் காட்டினார். ஐந்து முறை செய்தார், ஐந்து முறையும் அப்படித்தான்.

கட்டுக் கட்டும் துணியில் ஒரு முழம் கிழித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, "இதுல நடுவுல புடிங்க" என்றார். ஏகாம்பரம் வலது கோடியிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, "இதான் நடு" என்றார். வயலில் கண்ணாலேயே அளந்து வரப்பு போட்ட மனிதர்.

பிறகு டாக்டர் என்னை அனுப்பி நாலு இட்லி வாங்கிவரச் சொன்னார். தட்டில் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு வைத்தார். ஏகாம்பரம் வலது பக்கத்து இரண்டையும் பசியோடு சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டுதான் வெச்சாங்க, போதும், இதுவாவது கெடச்சுதே" என்றார். டாக்டர் தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பினார். ஏகாம்பரம் பார்த்தார், சிரித்தார். "இத்த எப்ப வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அதையும் சாப்பிட்டார்.

நான் லென்ஸ் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இன்னும் ஒன்று கேட்டார். அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "கண்ணை மூடிக்குங்க ஐயா. உங்க தெரு முனையில நிக்கறீங்க. உங்க வீட்டுக்கு நடந்து போறீங்க. வழியில யார் யார் வீடு வருது?"

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வீடு சொன்னார்.

"சரிதானா?" என்றார் டாக்டர் கனகம்மாவிடம்.

"சரிதான் சார், ஆனா அதெல்லாம் சோத்துக்கைப் பக்கத்து வூடு மட்டுந்தான். என் வூட்டையே சொல்லலியே."

"இப்ப உங்க வீட்டு வாசல்ல நிக்கறீங்க ஐயா. அங்கேருந்து தெரு முனைக்குத் திரும்பி வாங்க."

"மொதல்ல எந்தங்கச்சி கனகா வூடு" என்று ஆரம்பித்தார் அவர். பிறகு மூன்று வீடு சொன்னார். எல்லாம் எதிர்ப்பக்கத்து வீடுகள். முதலில் சொன்ன ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

கண்ணை மூடியிருக்கும் மனிதரின் ஞாபகத்திலேயே தெருவின் ஒரு பக்கம் காணாமல் போகும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. டாக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். அன்று களத்தில் நடந்தது வெயில் மயக்கம் இல்லை, மூளையின் வலது பாதியில் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது. கண் நன்றாகத்தான் இருக்கிறது. இடது பக்கத்தைக் கவனிப்பது வலது மூளையின் வேலை. அது கெட்டுப்போனால் இடது பக்கம் இருட்டாகத் தெரிவதில்லை, அப்படி ஒரு பக்கம் இருப்பதாகவே தோன்றாது. எதையோ இழந்தோம் என்றும் அவருக்குத் தெரியாது.

"அப்ப பட்டினி போடறாங்கன்னு சொல்றாரே சார்?" என்றாள் கனகம்மா.

"அவர் பொய் சொல்லலம்மா. வயிறு பசிக்குது, தட்டு காலியா இருக்கு. மூளை சும்மா இருக்காது, ஏதாவது ஒரு காரணத்தைக் கட்டிக் குடுத்துடும். பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க தலையில விழும். நீங்க உருண்டை புடிச்சு சோத்துக்கையில வெச்சீங்க, அதனால உங்க வீட்டுல சாப்பிட்டார்."

கனகம்மா தரையில் உட்கார்ந்து, "அடிப் பாவி நானு, அந்தப் பொண்ண..." என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் அவளை ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அப்போதுதான் பழைய சீட்டைக் கேட்டார். கனகம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஊர் நடுவில் படிக்கப்பட்ட சீட்டு, மடிப்பில் கிழிந்திருந்தது. வெகு நேரம் பார்த்தார். பார்வை அளவை நீல மையில் எழுதியிருந்தேன், 'ஃபீல்ட் நார்மல்' கறுப்பு மையில் இருந்தது. பிறகு எழுந்து மேஜையில் என் காலைச் சீட்டு அடுக்கைப் புரட்டினார். எல்லாவற்றிலும் கறுப்பு மை.

"இந்தப் பொண்ணு எங்க இருக்காங்க, தேவராஜ் சார்?" என்றார்.

"திருப்புட்குழியில சார்."

"நாளைக்கு நீங்க லீவு. போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் எழுதித் தரேன். ஆனா படிச்சுக் காட்டறது நீங்களா இருக்கணும்."

மேலிடத்துக்கு எழுதுவார் என்று பயந்தேன். எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்.

திருப்புட்குழியில் கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்தது வீடு. சரோஜா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, சட்டென்று உள்ளே போகப் பார்த்தாள். "சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கும்மா" என்று நின்றேன். டாக்டர் எழுதியதைப் படித்தேன். துணி, இட்லி, தெரு எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் எழுதி அடுக்கும் சீட்டையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. "அப்ப நெஜமாலுமே நான் சோறு போட்டேனா சார்?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துட்ச்சி சார். போட்டேனா, போட்டதா நெனச்சிக்கினு இருந்துட்டேனான்னு. ஒரு நாளு கோவத்துல அடிச்சிட்டு மறந்துட்டேனோன்னுகூட யோசன பண்ணேன். எங்கம்மாவே கேட்டாங்க, நெஜத்தச் சொல்லுடின்னு. யோசிச்சிப் பாத்தா அடிச்ச மாதிரியே மனசுல தெரியுது சார்."

ஒரு மூளைக்கு அடிபட்டது, இன்னொரு மூளையை நாங்கள் எல்லாரும் சேர்ந்து அடித்திருந்தோம். "நீ போட்டம்மா. நீ அடிக்கல" என்று பல முறை சொன்னேன். நான் சொல்வதில் இனி என்ன மதிப்பு இருக்கிறது என்று எனக்கே தோன்றியது.

முருகேசனும் கனகம்மாவும் அடுத்த வாரம் போய் அழைத்துவந்தார்கள். கனகம்மா காலில் விழப் போனாளாம், சரோஜா விடவில்லையாம். அதே கோயில் வாசலில் மறுபடி கூடி அவள் மீது தப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற வழக்கம் ஊருக்கு இல்லை.

மாதம் ஒரு முறை ஏகாம்பரத்தைப் போய்ப் பார்த்துவரும்படி டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். முதல் முறை போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். மகன் வீட்டுக்கே திரும்பியிருந்த ஏகாம்பரம் தட்டின் முன்னால் இருந்தார், முருகேசன் நடுவில் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். அவர் உடம்பு தேறியிருந்தது. மருமகளைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் பொண்ணு? அது எப்ப வந்துச்சி?" என்றார். அவள் அவருக்கு இடது கைப்பக்கம்தான் சோற்றுக் குண்டானோடு நின்றிருந்தாள்.

குழந்தை மூலையில் உட்கார்ந்திருந்தது. நாலு வயது முடிந்திருக்கும். சரோஜா ஒரு கிண்ணத்தில் பருப்புச் சாதம் பிசைந்து எடுத்துப் போய் எதிரே உட்கார்ந்தாள். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. கையை நீட்டியபடி அவள் காத்திருந்தாள். குழந்தை சுவர்ப் பக்கம் திரும்பி, "கனகாத்த வரட்டும்" என்றது. "ஒரு வாய்டா கண்ணு." "நீ போட மாட்ட. கனகாத்த சொல்லிச்சி." கிண்ணம் அதன் முன்னால்தான் இருந்தது. அந்தக் குழந்தையின் மூளையில் ஒரு கோளாறும் இல்லை. கனகம்மாவே வந்து ஊட்டிவிட்ட பிறகுதான் சாப்பிட்டது. இன்னும் ரொம்ப நாள் அப்படித்தான் என்று முருகேசன் என்னிடம் சொன்னான்.

நான் கிளம்பப் பார்த்தேன். சாப்பிடாமல் போகக்கூடாது என்று முருகேசன் உட்காரவைத்தான். சரோஜா இலை போட்டாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தாள். நான் கையை வைக்கப் போனேன்.

"இருங்க சார்" என்றாள். குனிந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். "தோ சோறு. தோ கொழம்பு. தோ பொரியலு, இந்தப் பக்கம் கீது. எல்லாம் வெச்சிட்டேன். பாத்துட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லிடுங்க சார்."

"பார்த்தேம்மா" என்றேன்.

"இன்னொரு தபா சொல்லுங்க. இவங்க காதுல விழற மாதிரி."